அறுநூற்றுப் பதினொன்று

காலை பதினோரு மணி. நல்ல வெயில். கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, புது ஹார்ட் டிஸ்க் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மைக் அண்ணன் குடியிருந்த மூன்றாவது மாடிக்கு ஏறினேன். லிஃப்ட் ஓடவில்லை. அது ஓடி நான் பார்த்ததும் இல்லை. இரண்டாவது மாடியில் மூச்சு வாங்க நின்றபோது, ஒன்றரை மணி நேர வேலை, முடித்துவிட்டுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. பத்தொன்பது வருடமாக கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறேன். ஒரு மெஷின் மக்கர் பண்ணினால் மூன்றே காரணம்தான். கேபிள் லூஸ், பொருள் டூப்ளிகேட், இல்லாவிட்டால் வாடிக்கையாளர் பொய் சொல்கிறார். நான்காவது காரணம் என்று ஒன்றை நான் பார்த்ததில்லை, அன்றைய தினம்வரை.

கதவைத் திறந்தவர் மைக் அண்ணனின் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

"வாங்க தம்பி. நேத்து சாயந்தரத்துல இருந்து அவர் பேசவே இல்ல."

வேறு வீட்டில் இப்படிச் சொன்னால் புருஷன் பொண்டாட்டிச் சண்டை என்று நினைத்துக்கொண்டு நைசாக நழுவலாம். இந்த வீட்டில் அதற்கு அர்த்தம், கம்ப்யூட்டர் கெட்டுப்போய்விட்டது என்பது.

மைக் அண்ணன் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். அந்தப் பெயர் அப்படி வந்ததுதான். இருபத்திரண்டு வருடம் இந்த ஊரில் ரயிலேறியவர்கள் எல்லோரும் அவர் குரலைக் கேட்டுத்தான் ஓடினார்கள். கனமான, அவசரமே இல்லாத குரல். வண்டி இரண்டு மணி நேரம் தாமதம் என்று அவர் சொன்னால்கூட யாருக்கும் கோபம் வராது. அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

அறுவை சிகிச்சைக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரமும் புருஷனும் பொண்டாட்டியும் உட்கார்ந்து, இனிமேல் வீட்டில் என்னென்ன பேச வேண்டியிருக்கும் என்று யோசித்து யோசித்து ஒரு நீள நோட்டில் எழுதினார்கள். அண்ணன் ஒவ்வொன்றையும் படித்துப் பதிவு செய்தார். மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பது வாக்கியம். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். கீபோர்டில் எண்ணைத் தட்டினால் கம்ப்யூட்டர் அவர் குரலில் அதைச் சொல்லும். ஏழு, வேண்டாம். பதினாலு, தண்ணி வேணும். முந்நூற்றைந்து, உப்பு கொஞ்சம் கம்மி.

அறுநூற்றுப் பதினொன்று பற்றி அக்கா போன வருடம் கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் அவருக்குத் தூக்கத்தில் திடுக்கென்று விழிப்பு வருமாம். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று தோன்றிப் பதறுவாராம். அண்ணன் எழுந்து போய் அறுநூற்றுப் பதினொன்றைத் தட்டுவார்.

"நான் இங்கதான் இருக்கேன்."

அந்த ஆயிரத்து நூற்று நாற்பது வாக்கியமும் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. வேறு எங்கும் காப்பி இல்லை. இதில் என் தப்பும் உண்டு. போன வருடம் தூசி தட்ட வந்தபோதே, "அடுத்த தடவை வரும்போது ஒரு காப்பி எடுத்துத் தர்றேன்க்கா" என்று வாய் கிழியச் சொல்லிவிட்டுப் போனவன் நான்தான்.

அறை சின்னது. ஜன்னலோரம் மேஜை, அதன்மேல் கம்ப்யூட்டர், இரண்டு சின்ன ஸ்பீக்கர். எதிர்ச் சுவரை ஒட்டிக் கட்டில், பக்கத்தில் ஒரு நாற்காலி. நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் இருக்கும் ஓட்டையை மறைத்து ஒரு வெள்ளைத் துணி. அது மூச்சுக்கு மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது. என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். பிறகு மேஜையைக் காட்டி, கையை விரித்தார்.

மெஷினைப் போட்டேன். டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம். சாகப்போகிற டிஸ்க் அப்படித்தான் சத்தம் போடும். உடனே நிறுத்திவிட்டேன்.

"அக்கா, பயப்படாதீங்க. இதை இப்ப ஓட்டக் கூடாது. ஓட்ட ஓட்டத் தேயும். முதல்ல புது டிஸ்க்ல ஓ.எஸ்., அதான் கம்ப்யூட்டரை ஓட்டற புரோகிராம், அதைப் போட்டுடறேன். அப்புறம் பழசை ஒரே ஒரு தடவை மாட்டி, அண்ணன் குரல் மொத்தத்தையும் புதுசுக்கு இழுத்துடுவோம்."

"குரல் போயிடாதே தம்பி?"

"நான் இருக்கேன்ல."

அக்கா நிம்மதியாகச் சமையலறைக்குப் போனார். பழைய டிஸ்க்கைக் கழற்றினேன். மேஜையில் இடமில்லை. அண்ணன் மடியில் வைத்தேன்.

"ரெண்டு கையாலயும் கெட்டியாப் பிடிச்சுக்கங்க. எது நடந்தாலும் கையை எடுக்காதீங்க. கீழ விழுந்துச்சுன்னா, போனது போனதுதான்."

அவர் தலையை ஆட்டினார். பிறந்த குழந்தையை வாங்கிக்கொள்வதுபோல அதை வாங்கிக்கொண்டார்.

புது டிஸ்க்கின் உறையை நானே கிழித்தேன். சீல் சரியாக இருந்தது. மாட்டினேன். என் கை விளக்குக்கு ஒரு பிளக் பாயின்ட் வேண்டியிருந்ததால் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கி ஓரமாகப் போட்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்போது ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

பென் டிரைவைச் சொருகி ஓ.எஸ். போடும் வேலையை ஆரம்பித்தேன். எந்த டிஸ்க்கில் போடலாம் என்று கேட்கும் திரை வந்தது. பட்டியல் காலியாக இருந்தது. புது டிஸ்க்கே தெரியவில்லை.

சரி, கேபிள். மாற்றினேன். காலி. வேறு துளையில் சொருகினேன். காலி. பவர் ஒயரை மாற்றினேன். டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தேன். சுற்றவே இல்லை, ஜில்லென்று இருந்தது. எனக்கு எரிச்சல் ஏறியது. ஒவ்வொரு தடவையும் நிறுத்து, மாற்று, போடு, காத்திரு. முக்கால் மணி நேரம் இதே கூத்து.

அறையில் டிக், டிக் என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சுவர்க் கடிகாரம் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரி வாசனை ஒன்றும் வந்தது. மருந்துப் பஞ்சின் வாசனை. அண்ணன் கழுத்துக்குப் போடும் மருந்தாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஆறாவது முறை திரை வந்தபோது டிஸ்க் தெரிந்தது. ஆனால் வெறுமையாக இல்லை. இரண்டு பாகமாகப் பிரித்திருந்தது. ஒன்று சின்னது, நூற்று இருபது ஜி.பி. மற்றது பெரியது. இரண்டிலும் ஏதோ நிறைந்திருந்தது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மொத்த வியாபாரி, யாரோ கழித்துக் கட்டிய பழைய டிஸ்க்கைச் சீல் போட்டு என் தலையில் கட்டிவிட்டான் என்றுதான் தோன்றியது. திரும்பப் போய் அவன் சட்டையைப் பிடிக்க வேண்டும். ஆனால் அதற்குள் இந்த வீட்டில் ஒரு மனுஷன் பேச்சில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். பரவாயில்லை, இருப்பதை அழித்துவிட்டு இப்போதைக்கு இதிலேயே போட்டுவிடலாம் என்று முடிவு பண்ணினேன்.

பின்னால் தொம், தொம் என்று சத்தம் கேட்டது. தரையைக் காலால் உதைக்கிற சத்தம்.

"அண்ணே, கொஞ்சம் சும்மா இருங்க," என்றேன். திரும்பாமல்தான் சொன்னேன்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. எதையும் அழிப்பதற்கு முன்னால் வாய்விட்டுக் கேட்டுவிடுவேன். வாடிக்கையாளர் சரி என்று சொன்ன பிறகுதான் பட்டனை அமுக்குவேன். பின்னால் பேச்சு வரக் கூடாது பாருங்கள், அதற்காக. பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவைகூட இந்த வழக்கம் என்னைக் கைவிட்டதில்லை.

திரையைப் பார்த்தபடியே கேட்டேன். "அண்ணே, இதுல ஏற்கெனவே ஏதோ இருக்கு. அழிச்சிடலாமா?"

"அழிச்சிடுங்க."

கனமான, அவசரமே இல்லாத குரல்.

"ரெண்டு பாகத்தையுமா?"

"ஆமா. ரெண்டையும்."

அழித்தேன்.

முதலில் சின்னது. பிறகு பெரியது. பட்டியலில் ஒரே ஒரு வெற்று வரி மிஞ்சியது. அடுத்த பட்டனை அமுக்கினேன். வேலை மளமளவென்று ஓட ஆரம்பித்தது. மூன்று சதவீதம், ஒன்பது சதவீதம், இருபது. "பாத்தீங்களா, இப்ப வழிக்கு வந்துடுச்சு," என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன்.

அண்ணன் வாய் அகலத் திறந்திருந்தது. முகம் முழுக்கக் கண்ணீர். கழுத்துத் துணி நனைந்து ஒரு பக்கமாக ஒதுங்கி, ஓட்டை வழியாகக் காற்று மட்டும் ஊதிக்கொண்டிருந்தது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரமாக ஆட்டிக்கொண்டிருந்தாரோ. கை இரண்டும் மட்டும் டிஸ்க்கை விடவில்லை.

நான்தானே கையை எடுக்கக் கூடாது என்று சொன்னேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனுஷனுக்குப் பேச்சு கிடையாது.

ஸ்பீக்கரைப் பார்த்தேன். நான் பிடுங்கிப் போட்ட ஒயர் தரையில் கிடந்தது.

சுவரைப் பார்த்தேன். அந்த அறையில் கடிகாரமே இல்லை.

கிட்டப் போய் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து டிஸ்க்கை எடுத்தேன். ஒயர் இல்லை, மின்சாரம் இல்லை, ஒரு மணி நேரமாக ஒருவர் மடியில் கிடந்த டிஸ்க் அது. கை பொறுக்காத சூடு. உள்ளே ஏதோ சுற்றிச் சுற்றி, மெல்ல ஓய்ந்துகொண்டிருந்தது. என் உள்ளங்கையில் அந்த அதிர்வு அடங்கியதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

நான் அழித்த அந்த நூற்று இருபது ஜி.பி. பாகத்தைப் பிரித்தது நானேதான். போன வருடம் தூசி தட்ட வந்தபோது, இதே மேஜையில், இந்தப் பழைய டிஸ்க்கில்.

அக்கா கரண்டியோடு வாசலில் வந்து நின்றார். "என்ன தம்பி, முடிஞ்சுதா?"

நான் பழைய டிஸ்க்கை மாட்டிப் பார்த்தேன். டிக் சத்தம் போய்விட்டது. நல்ல டிஸ்க் மாதிரி அமைதியாக ஓடியது. உள்ளே ஒன்றுமே இல்லை. விஷயத்தைச் சொன்னேன். அக்கா என்னைத் திட்டியிருந்தால் தேவலாம். அவர் புருஷனைத்தான் பார்த்தார்.

"நீங்கதானே அழிக்கச் சொன்னீங்க. எனக்குச் சமையல்கட்டு வரைக்கும் கேட்டுச்சே. ரெண்டையும்னு தெளிவாச் சொன்னீங்களே."

அண்ணன் தலையை ஆட்டினார். நோட்டை இழுத்துப் பின் அட்டையில் எழுதினார். எழுத்து கோணல்மாணலாக வந்தது.

நான் சொல்லல.

"அப்ப யாரு சொன்னா? இந்த வீட்டுல வேற யாருக்கு உங்க குரல் இருக்கு?"

அண்ணன் அதே வரிக்குக் கீழே அழுத்திக் கோடு போட்டார். நான் தரையில் கிடந்த ஸ்பீக்கர் ஒயரை எடுத்துச் சுருட்டினேன். சொன்னால் யார் நம்புவார்கள்?

பழைய டிஸ்க்கைக் கடைக்கு எடுத்து வந்தேன். இப்படி அழித்ததை மீட்கலாம். அழிப்பது என்பது புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது மாதிரிதான், உள்பக்கங்கள் அப்படியே இருக்கும். வாரத்தில் இரண்டு டிஸ்க்காவது நான் மீட்டுக் கொடுக்கிறேன். மூன்று நாள் வேறு வேலை தொடவில்லை. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை பூஜ்யம். யாரோ உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் துடைத்துவைத்த மாதிரி. அந்த வேலைக்கு ஒரு நாள் முழுக்க ஆகும். நான் அழித்தது இரண்டு நொடியில்.

டிஸ்க்கைப் பின் அலமாரியில், கழித்துப் போட்ட டிஸ்க்குகளோடு வைத்தேன். தூக்கிப் போட மனம் வரவில்லை.

எட்டாவது நாள் அக்கா போன் பண்ணினார். திட்டு வாங்கத் தயாராகி எடுத்தேன். அவர் குரலில் சந்தோஷம்.

"தம்பி, நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. குரல் வந்துடுச்சு."

"எப்படிக்கா வரும்?"

"நேத்து மத்தியானம் துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன். களைப்பா இருக்கியான்னு கேட்டார். நோட்டுல அது கிடையவே கிடையாது தம்பி. முன்னாடி எல்லாம் எண்ணைத் தட்டித் தட்டித்தானே. இப்ப என்ன கேட்டாலும் பதில் சொல்றார். ரெண்டு வருஷம் பேசாததை எல்லாம் பேசறார்."

"ஸ்பீக்கர் மாட்டினீங்களாக்கா?"

"எதுக்கு? கம்ப்யூட்டரே போடலையே."

"அண்ணன் என்ன பண்றார்?"

"பேசிக்கிட்டு இருக்கார்னு சொல்றேனே." கொஞ்சம் எரிச்சலோடு சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

போயிருக்க வேண்டும். அன்றைக்கே மாடியேறிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. பயம். வேறு வார்த்தை போட்டு மறைக்க எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம், கடையைத் திறந்து ஷட்டரைத் தூக்கினால், படியில் மைக் அண்ணன் உட்கார்ந்திருந்தார். நாலு நாள் தாடி. ஆள் பாதியாகியிருந்தார். நீள நோட்டை மார்போடு அணைத்திருந்தார். உள்ளே கூட்டி வந்து ஸ்டூலில் உட்கார வைத்தேன். நோட்டைத் திறந்து மேஜையில் வைத்தார். பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்.

அது நான் இல்ல.

அவ என்னைப் பாத்துப் பேசறதே இல்ல. ரூமைப் பாத்துத்தான் பேசறா. அது பதில் சொல்லுது.

நான் எழுதிக் காட்டினா அவ அதுகிட்ட கேக்கறா. அது, விடு, சும்மா கிறுக்கறார்னு சொல்லுது.

ராத்திரி சாப்பாட்டை கம்ப்யூட்டர் முன்னாடி வச்சா. எனக்கு வைக்கல.

படித்துவிட்டு நிமிர்ந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் பலமே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. தப்பு செய்தவன் நான், வீட்டை இழந்துகொண்டிருப்பவர் அவர்.

போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டேன். அண்ணனும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தேன்.

"அக்கா, அண்ணன் இங்க என் கடையில உட்கார்ந்திருக்கார். நீங்க உடனே வாங்க."

"என்ன தம்பி விளையாடறீங்க? அவர் இங்க என்கூடத்தானே இருக்கார்."

"இல்லக்கா. நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க. காலையில வீட்டுல இருந்து யாரு கிளம்பினது?"

வராத ஞாபகத்தைத் தேடுகிறவர் மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"யாரோ ஒருத்தர் போனார். கழுத்துல துணி கட்டிக்கிட்டு. அப்புறம் இவர்தான் கதவைப் பூட்டச் சொன்னார். யார் வந்து தட்டினாலும் திறக்காதேன்னார்."

அண்ணன் அதைக் கேட்டார். முகத்தில் ஒன்றுமே அசையவில்லை. பிறகு அவசர அவசரமாக நோட்டைப் புரட்டினார். காகிதம் கிழிந்தது. ஒரு பக்கத்தில் நிறுத்தி, விரலால் ஒரு எண்ணைக் குத்திக் காட்டினார். மறுபடியும் குத்தினார். எனக்குப் புரிந்தது. அக்காவுக்கும் அவருக்கும் மட்டும் சொந்தமான எண் அது. அதைக் கேட்டால் அக்காவுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிடும் என்று அந்த மனுஷன் நம்பினார். நானும் நம்பினேன்.

போன் பக்கம் குனிந்தேன்.

"அக்கா. அறுநூத்துப் பதினொண்ணு."

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் நின்றது.

அண்ணன் ஸ்டூலில் இருந்து பாதி எழுந்திருந்தார்.

பிறகு பதில் வந்தது. அது அக்காவின் குரல் இல்லை.

"நான் இங்கதான் இருக்கேன்."

அக்கா சின்னதாகச் சிரித்தார். தூக்கத்தில் பயந்து எழுந்தவருக்குப் பயம் தெளிந்தால் வருமே, அந்தச் சிரிப்பு. "கேட்டீங்கல்ல தம்பி," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அண்ணன் மறுபடி உட்கார்ந்தார். நோட்டை மெதுவாக மூடினார். கிழிந்த பக்கத்தை உள்ளே தள்ளி ஒழுங்கு பண்ணினார். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. வந்தவரிடம் கேட்கிற பழக்கத்தில் கேட்டேன்.

"தண்ணி குடிக்கிறீங்களா அண்ணே?"

இந்தத் தடவை அவர் முகத்துக்கு நேரே பார்த்துத்தான் கேட்டேன். உதடு மூடியிருந்தது. தலை அசையவில்லை.

எனக்குப் பின்னால், டிஸ்க்குகள் வைத்த அலமாரியில், டிக், டிக் என்று ஒரு சத்தம் ஆரம்பித்தது.

"வேண்டாம்," என்றது குரல். கனமாக, அவசரமே இல்லாமல். "அவர் கிளம்பட்டும்."

மைக் அண்ணன் நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, நான் கூப்பிடுவதற்குள், வெயிலில் இறங்கி நடந்தார்.